காலி செய்ய மறுக்கும் வாடகைதாரர்: சென்னை வீட்டு உரிமையாளருக்கான முழுமையான வழிகாட்டி

சென்னையில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் பெரிய பணக்காரர்கள் அல்ல. கீழே தாங்கள் குடியிருந்துகொண்டு மாடி போர்ஷனை விட்டவர்கள், ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணத்தில் ஒரு ஃபிளாட் வாங்கி அதன் வாடகையில் மருந்துச் செலவைச் சமாளிப்பவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியாக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள். இப்படிப்பட்டவர்களிடம் ஒருவர் வாடகையும் தராமல், காலியும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டால் ராத்திரித் தூக்கமே போய்விடுகிறது. எங்கள் குடும்பத்துக்கும் மடிப்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷன் உண்டு. அக்கம்பக்கத்தில் தகராறு வரும்போது பத்திரத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். வக்கீல் அலுவலகம் வரை கூடப் போய்வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை ஓனர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். ஒரு சாரார் முதல் மாதமே கத்தி, தண்ணீரை நிறுத்தி, கடைசியில் தாங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல ஆகிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் "பாவம், கொடுத்துடுவாங்க" என்று ஒரு வருஷம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, அப்புறம் ஒரே வாரத்தில் காலி செய்யச் சொல்கிறார்கள். இரண்டும் வேண்டாம். இதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் ஒரு முடிவு: வீடா, பாக்கியா?

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்களுக்குள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது வீடா, வர வேண்டிய பாக்கிப் பணமா? இரண்டும்தான் என்று மனசு சொல்லும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் இரண்டும் தள்ளிப்போகும்.

கணக்கைப் பாருங்கள். மாத வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் 45,000 என்று வைத்துக்கொள்வோம். 4 மாதம் வாடகை வரவில்லை என்றால் பாக்கி 60,000. அட்வான்ஸைக் கழித்தால் 15,000 ரூபாய்தான் உண்மையில் கையை விட்டுப் போனது. இந்த நிலையில் வீடு கைக்கு வந்தால் அடுத்த மாதமே வேறு குடித்தனம் வைக்கலாம். "பாக்கியைக் கடைசிப் பைசா வரை வைத்துவிட்டுப் போ" என்று பிடிவாதம் பிடித்து இன்னும் ஒரு வருஷம் இழுத்தால், வராத வாடகையே 1,80,000. வக்கீல் ஃபீஸ் தனி.

அதனால் என் கருத்து: பெரும்பாலான வீடுகளில் முதலில் கேட்க வேண்டியது சாவியை. பாக்கியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. பாக்கித் தொகை லட்சக்கணக்கில் இருந்து, எதிராளிக்குக் கொடுக்க வசதியும் இருந்தால் மட்டும் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த முடிவை வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுங்கள். அப்பா ஒன்று பேச, மகன் போனில் வேறொன்று பேசினால் எதிராளி அந்த இடைவெளியிலேயே ஆறு மாதம் ஓட்டிவிடுவார்.

கையில் என்ன காகிதம் இருக்கிறது?

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்ட, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு "வாடகைக்காரனை அசைக்கவே முடியாது" என்று பயமுறுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம்.

புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கென அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். இதற்குத் தமிழக அரசின் தனி இணையதளம் இருக்கிறது. முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதும் என்பது ஊரில் இருக்கும் பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆனால் 2017 சட்டம் கேட்கும் பதிவு வேறு. 11 மாதம் என்று எழுதினாலும் அதிலிருந்து தப்ப முடியாது. பதிவு இல்லாத பத்திரத்தை நீட்டினால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பதே அதைத்தான்.

எழுத்தில் எதுவுமே இல்லையா? அப்போதும் வழி அடைபடவில்லை. ஒப்பந்தம் எழுதிக்கொள்ள இருவரும் தவறினார்கள் என்பதே அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணமாக இருக்கிறது. ஆகவே "பத்திரம் போடவில்லையே" என்று தலையில் கை வைத்து உட்கார வேண்டாம்.

ஒப்பந்தக் காலம் முடிந்துபோய், புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய நிபந்தனைகளின்படியே மாதத்துக்கு மாதம், அதிகபட்சம் 6 மாதம் வரை அது நீள்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் முடிவுத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, இரண்டு மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

இங்கே சென்னைக்கே உரிய ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் ஊரில் "லீஸ்" என்றால் மாத வாடகை இல்லாமல் 5 லட்சம், 8 லட்சம் என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று வருஷத்துக்கு வீட்டை விடுவது. போகியம், ஒத்தி என்றும் சொல்வார்கள். இந்த வகையில் வரும் தகராறில் பாதிக்கு மேல் வாடகைதாரர் மீது தப்பே இருக்காது. வாங்கிய தொகையை ஓனர் மகள் கல்யாணத்துக்கோ பழைய கடனுக்கோ செலவழித்திருப்பார். திருப்பித் தரப் பணம் இல்லாமல் "காலி பண்ணு" என்பார். காசு கைக்கு வராமல் அவர் எப்படிப் போவார்? அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவும் அதே பணம்தானே வேண்டும்? லீஸுக்கு விட்டவர்கள் முதலில் பணத்துக்கு வழி செய்துகொண்டுதான் நோட்டீஸ் பற்றி யோசிக்க வேண்டும். அதோடு, உங்கள் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்து அது குத்தகையா, அடமானமா என்ற கேள்வியே வரலாம். அடமானம் என்றால் போக வேண்டிய வழியே வேறு. பத்திரத்தை வக்கீலிடம் காட்டாமல் ஒரு அடி எடுத்துவைக்காதீர்கள்.

கோயில், அறக்கட்டளை, வக்ஃபு, அரசுக் கட்டடங்களில் குடியிருப்பவர்கள் விஷயம் தனி. கீழே சொல்வது தனியார் வீடுகளுக்கு.

கோபத்தில் செய்யவே கூடாதவை

தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, லிஃப்டை அணைப்பது, வெளியே போன நேரத்தில் வேறு பூட்டுப் போடுவது, ஆள் வைத்து மிரட்டுவது. இதில் ஒன்றைக்கூடச் செய்யாதீர்கள். எத்தனை மாத வாடகை பாக்கி இருந்தாலும் குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவைகளை நிறுத்தக்கூடாது என்று சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. வாடகைதாரர் ஒரு மனு கொடுத்தால் இணைப்பைத் திரும்பக் கொடுக்க உத்தரவு வரும்.

பூட்டுப் போடுவது அதைவிட மோசம். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு அந்த இடத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற பேச்சே எழாது. யார் குடியிருந்தார், எப்படி வெளியே அனுப்பப்பட்டார் என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். உள்ளே ஐந்து பவுன் நகை இருந்தது, காணோம் என்று புகார் கொடுத்தால் அதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பூட்டிவிட்டு எங்கோ போய்விட்ட வாடகைதாரர் விஷயத்திலும் இதேதான். உங்கள் வீடாகவே இருந்தாலும் நீங்களாகப் பூட்டை உடைக்கக்கூடாது.

காவல் நிலையத்துக்கு ஓடுவதையும் யோசித்துச் செய்யுங்கள். அடிதடி, மிரட்டல், வீட்டைத் தவறான காரியத்துக்குப் பயன்படுத்துவது இருந்தால் கட்டாயம் புகார் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வாடகை பாக்கிக்கும் காலி செய்யாததற்கும் அங்கே தீர்வு கிடையாது. அது சிவில் விவகாரம். தெரிந்தவர் மூலம் ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பேசவைத்தால், "போலீஸை வைத்து மிரட்டினார்" என்று அதே சம்பவம் எதிர்மனுவில் முதல் பத்தியாக வந்து நிற்கும்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். "பன்னிரண்டு வருஷம் இருந்துட்டா வீடு அவங்களுக்கே போயிடுமாமே" என்று கேட்காத ஓனர் கிடையாது. உங்கள் அனுமதியோடு, வாடகைதாரராக உள்ளே வந்தவர் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்தக் காரணத்தால் மட்டும் உரிமையாளர் ஆகிவிட முடியாது. வாடகைக்கு வந்தவர், வாடகைக்கு விட்டவரின் உரிமையை மறுக்கவும் சாட்சியச் சட்டம் இடம் தராது. ஆனால் அவர் வாடகைதாரர்தான் என்று காட்ட உங்களிடம் ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் சேர்ப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மாதம், வர வேண்டிய வாடகை, வந்த தொகை, வந்த தேதி, எப்படி வந்தது, மீதி. இந்த ஆறு கட்டம் போதும். முதல் நாளிலிருந்து எழுதுங்கள். வங்கிப் பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரவையும் சரிபாருங்கள். பலர் கூகுள்பேயில் 7,000, அப்புறம் கையில் 3,000 என்று துண்டுதுண்டாகக் கொடுப்பார்கள். கையில் வாங்கியதற்கு ரசீது இல்லையென்றால், "நான் முழுசா கொடுத்துட்டேன்" என்று அவர் சொல்வார், நீங்கள் இல்லை என்பீர்கள். இனிமேல் எந்தத் தொகையும் வங்கி மூலமாகவே வரட்டும் என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். கையில் கொடுத்தே தீருவேன் என்றால் இரண்டு பிரதி ரசீது போட்டு, உங்கள் பிரதியில் அவர் கையெழுத்தை வாங்குங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். "அடுத்த வாரம் தர்றேன் சார்" என்று அவர் அனுப்பிய ஒரு வரி, பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொண்டதற்குச் சமம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தால் மட்டும் போதாது. அந்தப் போனையும் பத்திரமாக வையுங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும்; அதை வக்கீல் தயார் செய்வார்.

வீட்டுவரி ரசீது, விற்பனைப் பத்திரம், உங்கள் பெயரில் உள்ள மின் இணைப்பு அட்டை, குடியேறும்போது வாங்கிய ஆதார் நகல், காவல் நிலையத்தில் கொடுத்த வாடகைதாரர் விவரப் படிவத்தின் நகல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

உள்ளே சேதம் செய்திருக்கிறார்கள், உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் திடீரென்று கதவைத் தட்டி உள்ளே போகக் கூடாது. 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் காரணம் சொல்லிவிட்டு, பகல் நேரத்தில், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

இதோடு உங்கள் பக்கத்தையும் நேர்மையாகப் பாருங்கள். கூரை ஒழுகுகிறது என்று அவர் ஒரு வருஷமாகச் சொல்லி நீங்கள் கவனிக்கவில்லையா? கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவு முழுவதையும் அவர் தலையில் கட்டினீர்களா? அதைச் சரிசெய்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே கரையும். கரையாவிட்டாலும் நீதிமன்றத்தில் அவர் சொல்ல நினைத்த காரணம் இல்லாமல் போகும்.

பேச்சுவார்த்தை: நேரம் பார்த்து, தேதி கேட்டு

நோட்டீஸ் அனுப்பும் முன் ஒரு தடவையாவது நேரில் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி போல, வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போது. வாசலில் நின்று பேசாதீர்கள். பக்கத்து வீட்டார் காதில் விழும்படி பேசினால் அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும், அதன் பிறகு பிடிவாதம்தான் மிஞ்சும்.

நம் ஊரில் வீடு மாற்ற ஒரு காலம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். பள்ளிக்கூடம் நடக்கும்போது குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஏரியா மாறுவது பெரிய கஷ்டம். ஜூலையில் நோட்டீஸ் கொடுத்து ஆகஸ்ட் முதல் தேதி காலி செய்யச் சொன்னால், "ஆடி முடியட்டும் சார்" என்பார்கள். அதில் பொய் இல்லை. ஏப்ரல், மே மாதங்கள், இல்லாவிட்டால் ஆவணி, தை. இந்தக் காலங்களில் வந்து விழும்படி தேதியைத் திட்டமிட்டால் எதிராளிக்குத் தட்டிக்கழிக்கக் காரணம் கிடைக்காது.

எங்கள் தெருவில் ஒரு அம்மா இதை நடத்திய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேல் போர்ஷனில் இருந்தவருக்கு வேலை போய்விட்டது. ஐந்து மாத வாடகை நின்றிருந்தது. அந்த அம்மா கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "தம்பி, உன் நிலைமை எனக்குப் புரியுது. ஆனா எனக்கும் இந்த வாடகையில்தான் மாத்திரை வாங்கணும். பாக்கியை நான் கேட்கலை. தை பிறந்து பதினைஞ்சு நாளுக்குள்ள சாவியைக் கொடுத்துடு. வண்டி வாடகை நான் தர்றேன்." அவர் தயங்கித் தயங்கி, "அட்வான்ஸ்ல ஏதாவது கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். "அது கழிஞ்சுபோச்சுப்பா. வேணும்னா சாவி கொடுக்கிற அன்னைக்குப் பத்தாயிரம் தர்றேன், புது வீட்டுக்கு ஆகும்." அதை அப்போதே ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி வைத்தார்கள். தை மாதம் வீடு காலியானது.

இந்த உடன்பாட்டில் அவர் செய்த இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தேதி தெளிவாக இருந்தது. பணம் சாவியோடு கைமாறும் என்று இருந்தது, முன்கூட்டியே அல்ல. "காலி செய்ய உதவியாக" என்று முன்பணம் கொடுத்துவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

பேச்சு ஒத்துவராமல், ஆனால் இரு பக்கமும் முழுச் சண்டையாகவும் மாறாமல் இருந்தால் சமரச மையத்தை யோசிக்கலாம். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே தமிழ்நாடு சமரச மையம் இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு சட்டப் பணிகள் ஆணையத்தை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி உண்டு. தனியாக இருக்கும் அம்மாக்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை.

நோட்டீஸ்

பேச்சு முடிந்துவிட்டது என்றால் எழுத்துதான். வக்கீல் மூலம் அனுப்புவது நல்லது. நீங்களே அனுப்பினாலும் செல்லும். வாடகை பாக்கியைக் காரணமாகக் காட்டி வீட்டைக் கேட்க வேண்டுமானால், குறைந்தது இரண்டு மாத வாடகை நின்றிருக்க வேண்டும். அதைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் கட்டாமல் இருந்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் அடங்கிவிடும். மாதாந்திர வாடகையை முடித்துக்கொள்ள, சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு 15 நாள் அவகாசம் கேட்கிறது. ஒப்பந்தத்தில் 2 மாதம், 3 மாதம் என்று எழுதியிருந்தால் அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

வாசகம் எளிமையாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"மேற்கண்ட முகவரியில் உள்ள எனது வீட்டின் முதல் மாடியில் தாங்கள் மாத வாடகை ரூ.15,000-க்குக் குடியிருந்து வருகிறீர்கள். வாடகையை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4 மாத வாடகை ரூ.60,000 நிலுவையில் உள்ளது. இந்த அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் மேற்படி தொகையை ஒப்பந்தப்படியான வட்டியுடன் எனது வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தை அணுகுவேன். அதற்கான செலவுக்கும் தாங்களே பொறுப்பு."

இதில் "ஏமாற்றுக்காரன்", "நன்றி கெட்டவன்" போன்ற ஒரு சொல்லும் வரக்கூடாது. எத்தனை கோபம் இருந்தாலும் சரி. தொகையும் தேதியும் உங்கள் நோட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் இருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள்.

பதிவுத் தபால் சேவையை 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். பதிவு வசதியும் ஒப்புகை அட்டையும் கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வாங்க மறுத்தாலும், "கதவு பூட்டியிருந்தது" என்று திரும்பி வந்தாலும் அந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பியது சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வரவில்லை என்று அவர் சொன்னால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். கூடவே வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

நோட்டீஸ் போனபிறகு அவர் ஒரு மாத வாடகையைத் திடீரென்று கணக்கில் போடுவார். இது நிறையப் பேரைக் குழப்பும் இடம். காலி செய்யச் சொன்ன பிறகு வழக்கம்போல வாடகையாக அதை ஏற்றுக்கொண்டால், நோட்டீஸை நீங்களே கைவிட்டதாக வாதம் வரலாம். பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. "இந்தத் தொகையைப் பழைய பாக்கியில் வரவு வைக்கிறேன், என் அறிவிப்பில் கேட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை" என்று அன்றே எழுத்தில் பதில் அனுப்புங்கள். வாடகையை வாங்கவே மறுப்பது நல்ல யோசனை அல்ல. அவர் மணியார்டர் அனுப்பியோ வாடகை அதிகார அமைப்பில் கட்டியோ, நான் தரத் தயாராக இருந்தேன் என்று காட்டிவிடுவார்.

ஓனர் பலவந்தமாக வெளியேற்றப் பார்க்கிறார் என்று சொல்லி அவர் முந்திக்கொண்டு சிவில் நீதிமன்றத்தில் தடை வாங்கும் வாய்ப்பும் இருக்கிறது. உங்கள் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போடாமல் இருக்க கேவியட் மனு தாக்கல் செய்து வைக்கலாம். 90 நாள் வரை அது செல்லும்.

வாடகை நீதிமன்றம்

சென்னைக்குள் இருக்கும் வீடுகளுக்கு, உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில்தான் வாடகை நீதிமன்றம் செயல்படுகிறது. பஸ்ஸில் வருபவர்கள் பாரிமுனையில் இறங்கிக்கொள்ளலாம். சென்னை என்று நாம் வாயால் சொல்லும் எல்லா இடமும் சென்னை மாவட்டம் அல்ல என்பதைக் கவனியுங்கள். தாம்பரமும் பல்லாவரமும் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அங்கே வீடு இருந்தால் வழக்கு அந்த மாவட்டத்துக்குப் போகும்.

வாடகை பாக்கி தவிர, அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட்டது, சொல்லியும் கேட்காமல் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, இடித்துக் கட்ட வேண்டியிருப்பது, உரிமையாளருக்கே வீடு தேவைப்படுவது போன்ற காரணங்களும் உண்டு. உங்களிடம் மூன்று காரணம் இருந்தாலும் ஆதாரம் வலுவாக இருப்பதை முன்னால் வையுங்கள். "மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும்" என்று இல்லாத காரணத்தைச் சொல்ல வேண்டாம். குறுக்கு விசாரணையில் அது சரிந்தால் உண்மையான பாக்கிக் கணக்கையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

இந்த நீதிமன்றத்தில் சாட்சியம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரமாகவே தாக்கலாகும். சாதாரண சிவில் வழக்கைவிட வேகமாக முடிய வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் வாய்தா இருக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்பார். மனதளவில் பல மாதங்களுக்குத் தயாராக இருங்கள். வழக்கு நடக்கும்போது அவர் குடியிருக்கும் காலத்துக்கான வாடகையைக் கட்டச் சொல்லி உத்தரவிடும்படி மனு போடச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். இதைச் செய்தால் நிறைய வழக்குகள் பாதியிலேயே சமரசத்துக்கு வந்துவிடும், ஏனென்றால் சும்மா இருந்துகொண்டு இழுக்கலாம் என்ற வசதி போய்விடுகிறது. காலம் முடிந்தும் போகாதவரிடம் வழக்கமான வாடகையைவிடக் கூடுதலான தொகையை இழப்பீடாகக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

உத்தரவு வந்த பிறகும் மேல்முறையீட்டுக்கு வாடகைத் தீர்ப்பாயம் போகலாம். அதற்கு 30 நாள். அப்புறமும் காலி செய்யவில்லையென்றால் நிறைவேற்று மனு போட்டு, நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து வீட்டை ஒப்படைப்பார். தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்போடு. அந்த நாளிலும் நீங்கள் சாமான்களைத் தொடாமல் ஒதுங்கி நில்லுங்கள்.

வழக்கின் எந்தக் கட்டத்திலும் சமரசக் கதவைச் சாத்தாதீர்கள். நீதிமன்றத்திலேயே கூட்டு மனு போட்டு, இன்ன தேதியில் காலி செய்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் அதை உத்தரவாகவே பதிவு செய்வார்கள். வெளியே எழுதிக்கொள்ளும் கடிதத்தைவிட அது பல மடங்கு பலம்.

சாவி வாங்கும் நாள்

சண்டை முடிந்த நிம்மதியில் இந்த நாளை அவசரமாக முடித்துவிடாதீர்கள். பகலில் வரச் சொல்லுங்கள். அறை அறையாகப் போனில் வீடியோ எடுங்கள்: குழாய்கள், ஃபேன், கீசர், பாத்ரூம் கதவின் கீழ்ப்பகுதி, கிச்சன் மேடை. மின் மீட்டரின் ரீடிங்கைப் படம் எடுங்கள். இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், அவர் போனபிறகு வரும் பில்லில் அவர் பயன்படுத்தியதும் இருக்கும். யூனிட்டைக் கணக்கிட்டு அன்றே கழித்துக்கொள்ளுங்கள். அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷனில் மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"இன்று இந்தத் தேதியில் வீட்டைக் காலி செய்து, எல்லாச் சாவிகளையும் ஒப்படைத்துவிட்டேன். உள்ளே எனக்குச் சொந்தமான பொருள் எதுவும் இல்லை. வீட்டின் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று அவர் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் கட்டாயம் வேண்டும். பரணில் ஒரு பெட்டியை விட்டுவிட்டு "அப்புறம் எடுத்துக்கறேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அட்வான்ஸில் பாக்கியும் நியாயமான சேதமும் போக மீதி இருந்தால் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுவும் சட்டம்தான். கணக்கைத் தாளில் எழுதிக் கொடுங்கள். பல வருஷம் குடியிருந்ததால் மங்கிய சுண்ணாம்புக்கும் பெயின்டுக்கும் அவர் பணத்தில் கை வைப்பது நியாயமில்லை.

பூட்டுகளை அன்றே மாற்றுங்கள். அவர் உங்கள் முகவரியில் ஜி.எஸ்.டி. பதிவோ கேஸ் இணைப்போ வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒரு கடிதம் வாங்குங்கள். காவல் நிலையத்தில் விவரம் கொடுத்திருந்தால் அவர் காலி செய்துவிட்டதையும் தெரிவித்துவிடுங்கள். கோப்பை மூன்று வருஷமாவது தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட உங்களுக்கு இருக்கும் காலமும் அதுதான்.